சுவரின் உள்பக்கம்

சுவருக்குத் துணி சுற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அந்தக் கட்டடத்திலேயே முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் தையலக்காதான். "மனுஷனுக்கே உருப்படியா ஒரு சட்டை இல்ல, இங்க சுவருக்குச் சட்டை தைக்கப் போறாங்களாம்!" என்று மாடிப்படியோரம் நின்று அவள் சொன்னது நாலு மாடியும் ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் யாரோ சொன்ன புது ஜோக்காக அவள் காதுக்கே திரும்பி வந்தது. அதற்கும் ஒருமுறை சிரித்து வைத்தாள்.

அவள் வாய் அப்படி. தரைத்தளத்தில் குடியிருந்துகொண்டு, கட்டடத்தில் எல்லோருடைய துணியையும் தைத்து, கிழிந்ததை ஒட்டுப்போட்டு, கூடவே எல்லோருடைய வண்டவாளத்தையும் தெரிந்து வைத்திருப்பவள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ஒரு திட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஆனால் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்பதும் அவள்தான்.

அவளுடைய புருஷன் பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினுமாகச் சுவரோரக் கட்டிலோடு கிடந்தார். படுக்கையில் விழுந்தும் டிரைவர் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. அவள் தையல் மிஷினை வேகமாக மிதித்தால், "ஏய், மெதுவா... முன்னாடி வளைவு வருது" என்பார். "நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்க, டிக்கெட் எடுத்தாச்சுல்ல" என்பாள் அவள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பொழுது அப்படித்தான் போனது.

துணி சுற்றும் விஷயத்தை இன்ஜினியரம்மா கூட்டம் போட்டு விளக்கினாள். பக்கத்து மாவட்டத்தில் நிலநடுக்கம் வந்து போன பிறகு பழைய கட்டடங்களையெல்லாம் சோதித்ததில் இதுவும் மாட்டிக்கொண்டது. கான்கிரீட் சுவர் மேலே இருக்கிற பாரத்தைத் தாங்கும். ஆனால் பூமி பக்கவாட்டில் பிடித்து உலுக்கினால் குறுக்கே வெடித்துவிடும். அதனால் தரைத்தளத்தின் இரண்டு நீளச் சுவர்களுக்கும் கார்பன் இழைத் துணியைப் பசையில் தோய்த்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் போதாது. இரண்டு பக்கமும் ஒட்டி, சுவரைத் துளைத்து இழைக்கற்றையை ஊடே செலுத்தி, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கோக்க வேண்டும்.

தையலக்கா அந்தக் கறுப்புத் துணியைக் கையில் வாங்கித் தடவினாள். நூலெல்லாம் ஒரே திசையில் ஓடியது. "என்னம்மா இது, நீள நூல் பாவு இருக்கு, குறுக்கு நூல் ஊடையைக் காணோமே? எவன் நெய்தான் இதை?"

"உலுக்கும்போது எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் நூல் இருந்தாப் போதும்மா. இரும்பை விடப் பலம்" என்றாள் இன்ஜினியரம்மா.

"அப்ப என் வீட்டுக்காரருக்கு ஒரு பேன்ட் தைக்கலாம், கிழியாது" என்றாள் தையலக்கா. கூட்டம் சிரித்தது.

ஒட்ட வந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி. பசை மேஸ்திரி என்றால் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பழைய பூச்சைச் சுரண்டி, கான்கிரீட்டை மிஷின் வைத்துத் தேய்த்துத் தூசு தட்டி, பசை பூசி, துணியை வைத்து உருளையால் அவன் அழுத்தினால் அடியில் ஒரு காற்றுக் குமிழி தங்காது. காய்ந்த பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவான். எங்காவது பொள்ளென்று சத்தம் வந்தால் அந்த இடத்தை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவான். வலதுபக்கச் சுவர் முடிந்தது. இடதுபக்கச் சுவரில் நடைபாதைப் பக்கமும் முடிந்தது. பாக்கி இருந்தது அந்தச் சுவரின் உள்பக்கம், அதாவது டிரைவரின் கட்டில் ஒட்டிக் கிடந்த பக்கம்.

தம்பி வந்து கட்டிலோரம் நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, மாமாவைக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது வெக்கணும். தூசு பறக்கும். பசை வாடை காயுற வரைக்கும் அவருக்குச் சுத்தமா ஆகாது."

"எங்கடா வெக்கிறது? உன் வீட்டுலயா? மூணாவது மாடி, ஒரே ரூம். உங்களுக்கே கால் நீட்ட இடமில்ல."

"ஆஸ்பத்திரியில..."

"அந்தப் பேச்சை எடுக்காதே" என்றாள் தையலக்கா. அவள் குரல் அப்படி மாறி அவன் கேட்டதில்லை.

காரணம் இருந்தது. முன்பொரு தடவை எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்த வாடைக்கே அவருக்கு மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழு ஆளாகப் போனவர் பாதி ஆளாகத்தான் திரும்பி வந்தார். வந்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னை அங்க அனுப்பாதே. செத்தா இந்தக் கட்டில்ல சாகிறேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். டாக்டரும் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை அந்த மாதிரி வந்தால் நாங்கள் கையை விரிக்க வேண்டியதுதான் என்று.

"இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுடேன்டா" என்றாள் அவள், புருஷனுக்குக் கேட்காத குரலில். "நம்ம வீட்டுச் சுவருதானே. விழுந்தா எங்க மேலதானே விழும். நாங்க ரெண்டு பேரும் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அப்படி இல்லக்கா..." என்று ஆரம்பித்தவன் கட்டிலைப் பார்த்தான். டிரைவர் கண்ணை மூடிக் கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அவனுக்கு அவர்தான் முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், அவன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். தம்பி மேற்கொண்டு பேசவில்லை. மீந்த துணியை வீணாக்காமல் வெளிப்பக்கத்திலேயே இன்னொரு அடுக்காக ஒட்டினான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பதற்குப் பதிலாக வெளியிலேயே இரண்டு. கணக்கு சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். துளைகளைச் சுவரின் பாதியோடு நிறுத்தினான். உள்பக்கத்துக்கு வாடையில்லாத சுண்ணாம்பை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சுப் பூசினான்.

சோதிக்க வந்த இன்ஜினியரம்மா நடைபாதைப் பக்கத்தில் இரும்பு வில்லையை ஒட்டி இழுத்துப் பார்த்தாள். வில்லையோடு கான்கிரீட்டே பிய்ந்து வந்தது, பசை விடவில்லை. "பிரமாதம்" என்றாள். உள்ளே வரக் காலெடுத்து வைத்தவள், கட்டிலில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளை வெளேரென்ற சுவரை அங்கிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று சொல்லிப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பது இதுதான். ஆனால் அதற்கு ஆளாளுக்கு ஒரு பிடி சோறு போட்டார்கள், அதுவும் இரக்கப்பட்டுப் போட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், தையலக்கா ஒரு பாவாடைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது மேஜை மேலிருந்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்தது. யாரடா விளையாடுவது என்று திரும்புவதற்குள் தரை அவளைத் தூக்கிப் போட்டது. பாத்திரங்கள் கொட்டின. எங்கோ கண்ணாடி நொறுங்கியது. அவள் ஓடிப்போய்ப் புருஷன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவருக்கும் சுவருக்கும் நடுவில் அவள் முதுகு இருந்தது. ஐயோ ஐயோ என்று கத்துவது தன் குரல்தான் என்று ஆட்டம் நின்ற பிறகே அவளுக்குத் தெரிந்தது.

படியெல்லாம் காலடிச் சத்தம். இரண்டாவது மாடி பேக்கரிக்காரர் ஓடுகிற ஓட்டத்தில் நின்று, உள்ளே புகுந்து, டிரைவரைக் கட்டிலிலிருந்து ஒரு நாற்காலிக்கு மாற்றி அதோடு தூக்கினார். மேல்மாடி ரெட்டைக்காரி, இரண்டு இடுப்பிலும் தன் இரட்டைக் குழந்தைகளோடு, பல்லால் குடையைக் கவ்விக்கொண்டு இறங்கி வந்தாள். அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை யாரோ தூக்கி வந்து அதன் முகமூடியை அவருக்கு மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டடம் மொத்தமும் தூறலில் தெருவில் நின்றது. டிரைவருக்குப் போர்த்த ஆளுக்கொரு போர்வை வந்தது. ரெட்டைக்காரி தன் குழந்தைகளை நனையவிட்டுக் குடையை அவருக்குப் பிடித்தாள். கட்டடம் நின்றுகொண்டிருந்தது. "துணி காப்பாத்திடுச்சு பாருங்க!" என்று பேக்கரிக்காரர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

தம்பி அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இன்ஜினியரம்மா வர வழியில்லை, பாலத்தை மூடிவிட்டார்கள். போனில் அவள் சொன்னது சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "ரெண்டு பக்கமும் ஒட்டிக் கோத்திருக்கு, பயப்பட வேண்டாம். மேஸ்திரி, நீங்க உள்ள போய்க் கண்ணால பாருங்க. குறுக்கு வெடிப்பு இல்லேன்னா எல்லாரும் உள்ள போகட்டும். இருந்தா ஒருத்தரையும் விடாதீங்க. மறுபடி ஆட வாய்ப்பிருக்கு."

தம்பி உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. "போகலாம்" என்றான்.

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு தெரு முழுக்கப் பரவியது. நனைந்த குழந்தைகளோடு ரெட்டைக்காரிதான் முதலில் வாசலை நோக்கி நடந்தாள். தையலக்காவுக்கும் உயிர் வந்தது. சிலிண்டர் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, மிஷின் உள்ளே இருந்தது. ஆனால் தம்பி அவளைப் பார்க்கவே இல்லை. எல்லோரையும் பார்த்துப் பேசியவன் அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவன் கையைப் பிடித்து நடைபாதைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடா பாத்தே?"

"ஒண்ணுமில்லக்கா."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவன் சொன்னான். கட்டிலின் தலைமாட்டிலிருந்து கூரை மூலை வரைக்கும் குறுக்கே ஒரு வெடிப்பு. விரல் நுனி உள்ளே போனது.

"அவ்வளவுதானே? எங்க சுவர்தானே, நாங்க பாத்துக்கறோம்..."

"அக்கா! அது உன் சுவரே இல்லக்கா." அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "நாலு மாடியும் அது மேலதான் நிக்குது. அது போனா எல்லாம் போச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மாமா கெடந்த கெடையைப் பாத்து வாய் வரல."

தையலக்காவுக்கு ஒரு கணம் எதுவுமே புரியவில்லை. பிறகு எல்லாமே ஒரேயடியாகப் புரிந்தது. இத்தனை நாளும் அந்தச் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறாள், ஆணி அடித்திருக்கிறாள், என் சுவர் என் சுவர் என்று இருந்திருக்கிறாள். "அப்ப எதுக்குடா பாவி, போகலாம்னு சொன்னே?"

"வேற என்ன சொல்றது? சிலிண்டர் தீர்ந்தா மாமாவை எங்க கொண்டு போவே? ஒரு ராத்திரிதானேக்கா. ஒண்ணும் ஆகாது. காலையில அந்தம்மா வந்ததும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சு, ஓசைப்படாம..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குழந்தையின் சிணுங்கல் கேட்டது. ரெட்டைக்காரி படியில் கால் வைத்துவிட்டாள். தையலக்கா புருஷனைப் பற்றி நினைத்தாள், அதை மறைப்பானேன். பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் தன் கட்டிலில் இருப்பார், நாளைக்கும் இருப்பார். அந்த ஆசை அவளைப் பிடித்து நிறுத்தியது. பிறகு ஓடினாள். ரெட்டைக்காரியைத் தாண்டிப் போய்ப் படிக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"யாரும் ஏறாதீங்க! எறங்குங்க!"

"என்னக்கா, பயந்துட்டீங்களா? தம்பியே சொல்லிட்டாரே" என்றார் பேக்கரிக்காரர்.

"அவன் பொய் சொல்றான். உள்பக்கம் துணியே ஒட்டல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். இப்ப வெடிச்சு நிக்குது. இவர் மூச்சுக்காக உங்க எல்லாருக்கும் சேத்துக் குழி தோண்டிட்டேன். எறங்குங்கம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், எறங்கு!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஏம்மா, உன் புருஷன் உசிருன்னா எங்க புள்ளைங்க உசிரு மயிரா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். நாற்காலியைத் தூக்கி வந்த அதே மனிதர்தான். ஒருவர் தம்பியின் சட்டையைப் பிடித்தார். ரெட்டைக்காரி குழந்தைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். போகிற வழியில் டிரைவரின் நாற்காலியில் சாய்த்திருந்த தன் குடையை எடுத்துக்கொண்டாள். தையலக்காவுக்கு மற்றவர்கள் திட்டியதைக்கூடத் தாங்க முடிந்தது, அதைத் தாங்க முடியவில்லை.

டிரைவர் கையை அசைத்துக் கூப்பிட்டார். அவள் போய் மண்டி போட்டாள். அவர் முகமூடியை விலக்கினார்.

"நல்ல காரியம் பண்ணினே. பழுதுன்னு தெரிஞ்ச வண்டியில... ஆள் ஏத்தக் கூடாது."

"உங்களுக்கு..."

"எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கிட்டிருந்தா காது கேக்காதா? எனக்கும் அங்க போகப் பயம். அதான் வாயை மூடிக்கிட்டேன்." மூச்சு வாங்கியது. சிலிண்டர் முள் சிவப்பில் நின்றது. "ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடு."

"சத்தியம் பண்ணியிருக்கேனே!"

"வாங்கினவனே வேண்டாங்கறேன். கூப்பிடு. அழாதே, வளைவு வருது... மெதுவாப் போகலாம்."

அன்று இரவு பூமி மறுபடி ஆடவில்லை. மறுநாளும் ஆடவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த தையலக்காவிடம் தம்பி வந்து, "ஒண்ணுமே ஆகலையேக்கா. மாமாவை உள்ளேயே வெச்சிருந்திருக்கலாம்" என்றான். அவனை அறைந்தாள். அறைந்துவிட்டு அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள், ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வீடு திரும்பவில்லை. சளி கட்டி, காய்ச்சல் வந்து, அவர் பயந்த அதே இடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அதற்குள் வெடிப்பில் பசையை ஏற்றி அடைத்து, உள்பக்கத்தை எலும்பு தெரியச் சுரண்டி, துணி ஒட்டி, துளைகளை முழுக்கத் துளைத்துக் கோத்து முடித்திருந்தார்கள். தம்பிக்கு மேஸ்திரிப் பட்டம் போயிற்று. கூலி ஆளாக நின்று அவனே உருளை பிடித்தான். இன்ஜினியரம்மா ஒரு நாள்கூட நகரவில்லை. "வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போனது என் தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். இந்தத் தடவை அவளே சுத்தியலை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டினாள்.

எல்லாக் காரியமும் முடிந்து தையலக்கா தெருமுனை திரும்பியபோது கட்டடத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் உறவினர் வீடுகளிலிருந்து திரும்பியிருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. இன்ஜினியரம்மா கரடியாகக் கத்திக்கொண்டிருந்தாள். "நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே. போங்க."

"முன்னாடியும்தான் போட்டீங்க" என்றார் பேக்கரிக்காரர்.

அவளைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரெட்டைக்காரி மட்டும் குழந்தைகளோடு முன்னால் வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாப் போறோம். வேற யார் சொன்னாலும் எனக்குத் தைரியம் வரல."

தையலக்கா உள்ளே போனாள். தம்பி சுவரோரம் நின்றிருந்தான். கட்டிலில்லாத அறை பெரியதாகத் தெரிந்தது. சுவர் இன்னும் பூசப்படாமல் கறுப்பாக, நூல் நூலாகத் தெரிந்தது. கோத்த இடமெல்லாம் விரிந்த விரல்கள் போல இழை பரவியிருந்தது. அவள் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கையால் தடவிக்கொண்டே நடந்தாள். ஓரிடமும் விட்டுப்போகவில்லை. தம்பி இந்தத் தடவை அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

அவள் வாசலுக்கு வந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"போங்க" என்றாள். "மூலை முடுக்கெல்லாம் ஒட்டியாச்சு. நகர்த்தக் கூடாத ஆளுன்னு இப்ப இந்த வீட்டுல யாரும் இல்ல."